தாம்பாளத்து மணல்

சென்ற கோடை விடுமுறையில் சிறுசேரியில் என் அன்னையின் இல்லத்தில் தங்கியிருந்தபோது கண்ட ஒரு சிறு விளையாட்டைப் பற்றி இங்கு எழுதப் புகுகின்றேன். கல்லூரிச் சஞ்சிகைக்கு இஃது ஏற்ற விஷயந்தானோ என்று ஐயுறும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. சரித்திர மாணவனாகிய யான் பெருமையோடு படித்திருந்த சரித்திரம் ஒன்று அவ்விளையாட்டினுள் அடங்கியிருந்தது; அப்பெருமையினாலேயே நேர்ந்த பிழையொன்றும் அதனோடு சேர்ந்து என் நினைவில் நிற்கின்றது.

சிறுசேரி என்றவுடன் இக்காலத்தார்க்குத் தோன்றுவன சிப்காட் வளாகமும் அதன் கண்ணாடி மாளிகைகளுமே. என் தமக்கையும் அவள் கணவரும் அங்கே பணிபுரிகின்றனர்; எட்டாவது மாடியில் வாசம். அவர்களுடைய மூன்று வயதுப் பெண் குழந்தை பகற்பொழுதை எங்கள் பழைய வீட்டில் ஆயாவோடு கழிக்கும். வழவழப்பான தரையன்றி வேறறியாத குழந்தை அது. கோவளம் கடற்கரையில் இறக்கிவிட்டால் மணல் படாவண்ணம் இரு கால்களையும் மடக்கிக்கொண்டு வீறிடும். பிசைந்த சோற்றைக் கையால் தொடாது. "கை பயப்படுகிறது, வேறொன்றும் இல்லை" என்றாள் என் அன்னை.

மறுநாட்காலை அவள் கூடத்தின் நடுவே பெரிய பித்தளைத் தாம்பாளத்தை வைத்து, அதில் இரண்டு படி பச்சரிசியைக் கொட்டி, ஓர் ஆழாக்கும் ஒரு மர அகப்பையும் இட்டாள். குழந்தையை அழைத்தாளா? இல்லை. தானே அமர்ந்து, அள்ளுவதும் சொரிவதுமாகச் சிறுமிபோல் விளையாடிக்கொண்டிருந்தாள். முதல் நாள் குழந்தை தூண்மறைவில் நின்றது. மூன்றாம் நாள் ஒரு விரலால் அரிசியைத் தொட்டுப் பார்த்து விரலை முகர்ந்தது. ஒரு வாரம் சென்றபின் இரு கரங்களையும் மணிக்கட்டளவும் புதைத்துக்கொண்டு, உள்ளே விரல்களை அசைத்து, தானே நகைத்தது. அதன்பின் கேழ்வரகு வந்தது. பின்னர்க் கழுவி வெயிலில் உலர்த்திய மணல், பின்னர் ஈரமணல், கடைசியாக ஏரிக்கரைக் களிமண். உலர்ந்தது முன்னும் ஈரமானது பின்னுமாக அமைத்த அவ்வரிசையை என் அன்னை எந்நூலிலும் படித்தவள் அல்லள். ஒட்டாத பொருளை அஞ்சாத கை, சிறிது நாளில் ஒட்டும் பொருளையும் பொறுத்துக்கொள்ளும் என்பது அவள் கண்ட உண்மை.

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கை நிரப்பும் என்பதைக் குழந்தை தானே கண்டுகொண்ட நாளில் அடைந்த ஆனந்தம் சொல்லுந்தரமன்று. ஆயினும் அதே அரிசியை உயர்ந்த குவளையில் ஊற்றினால் "இதில்தான் நிறைய" என்று சாதிக்கும். ஸ்விட்சர்லாந்து அறிஞர் பியாஜே ஏறக்குறைய ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கண்டு எழுதிய அதே மயக்கம்! திருத்தப் புகுந்த என்னை என் அன்னை கண்ணாலேயே தடுத்தாள்.

இனி நான் பெருமைப்பட்ட சரித்திரத்துக்கு வருவோம். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே எழுத்துக் கற்றனர். விஜயதசமியன்று அரிசியில் எழுதுவிக்கும் வழக்கம் இன்றும் உளது. எழும்பூரில் படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியின் தலைவராக 1789-ல் அமர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், சென்னையில் அத்தகைய பள்ளியொன்றைக் கண்டு, தம் விடுதியிலும் மணலெழுத்தைப் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அமைத்தார். 1797-ல் அவர் லண்டனில் அதுபற்றி நூல் வெளியிட, 'சென்னை முறை' என்ற பெயரோடு அது பரவிற்று. அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்னும் பெயரோடு இன்றும் நடைபெறுகின்றது. 1907-ல் ரோமாபுரியின் ஏழைகள் பகுதியொன்றில் குழந்தைகள் இல்லம் திறந்த மரியா மாண்டிசோரி அம்மையாரோ, 1939-ல் அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். கண்ணைக் கட்டிக்கொண்டு தானியங்களை விரலால் பிரித்தறிவதும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களைத் தடவி அறிவதும் அவர் முறையில் உண்டு. அடையாற்றிலிருந்து எங்கள் ஊர் சுமார் 25 கிலோமீட்டரே.

இவற்றையெல்லாம் அறிந்த யான் வாளா இருப்பேனோ? என் அன்னை கடைக்குச் சென்றிருந்த ஒரு நாள், தாம்பாளத்து மணலில் 'அ' எழுதிக் காட்டி, "இதன்மேல் எழுது" என்றேன். குழந்தை அதைக் கையால் கலைத்தது. மீண்டும் எழுதினேன், மீண்டும் கலைத்தது. எண்ணாவது பயிலட்டும் என்று ஒரு பிடி காய்ந்த பட்டாணியை மணலில் இட்டு, பரீட்சை நெருங்கியிருந்தமையால் புத்தகத்தை விரித்துக்கொண்டேன். கால்மணி நேரம் பேரமைதி. நல்லது என்றே எண்ணினேன். நிமிர்ந்தபோது குழந்தை மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது, கண்ணில் நீர். "மாமா, உள்ளே" என்றது.

யான் கொண்டையூசியைத் தேடி எடுத்த வேளையில் என் அன்னை வந்தாள். "தொடாதே! இன்னும் உள்ளே போய்விடும்" என்று என் கையைத் தட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். வைத்தியர் ஒரு நிமிடத்தில் சிறு கொக்கியால் அப்பட்டாணியை எடுத்துக் காட்டினார். ஈரத்தில் ஊறிப் பருக்கத் தொடங்கியிருந்தது. இரவு வரை கிடந்திருந்தால் எடுப்பது அரிதாகியிருக்கும், மூச்சுக்குழலிற் சென்றிருந்தால் உயிருக்கே அபாயம் என்றார். என்னை நோக்கி அவர் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு தமக்கை என்னோடு பேசவில்லை. "அந்தத் தட்டு இனி வேண்டாம் அம்மா" என்று மட்டும் கூறினாள். தாம்பாளம் சுவரோரம் சாய்ந்தது. குழந்தையின் கையில் கைபேசி ஏறிற்று. பத்து நாள் சென்றபின் ஒரு ஞாயிறன்று குழந்தையே அத்தாம்பாளத்தைத் தரையில் உருட்டி இழுத்துக்கொண்டு வந்து தன் தாயின் முன் வைத்தது. தமக்கை என் அன்னையை நோக்கினாள். "தட்டு என்ன செய்யும்? பக்கத்தில் இருந்தவன் பக்கத்தில் இல்லை" என்றாள் அன்னை. எனக்கு முன்னாலேயே சொன்னாள், யான் மறுக்கவில்லை.

பட்டாணி, மணி, பொத்தான், நாணயம் என மூக்கிலும் தொண்டையிலும் அடைக்கக்கூடியவை யாவும் விலக்கப்பட்டன. வளர்ந்தவர் ஒருவர் எதிரே அமர்ந்தாலன்றித் தாம்பாளம் எடுக்கலாகாது என்றும் விதி ஏற்பட்டது. அன்று அமர்ந்தவள் தமக்கை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்தாள். குழந்தை ஆழாக்கில் ஈரமணலை நிரப்பி, அவள் உள்ளங்கையில் கவிழ்த்தது. "இட்லி" என்றது. தமக்கை உண்பதுபோல் பாவனை செய்தாள். "இன்னொன்று வேண்டுமா?" என்று கேட்டது குழந்தை.