எண்ணூரில் அந்த டிசம்பர்

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தது. மழை வெறித்த பிறகு எங்கள் குப்பத்துக்கு வேறொரு வெள்ளம் வந்தது. மணலிப் பக்கத்து எண்ணெய்க் கழிவு, மழைநீரோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து சேர்ந்தது. முதலில் வந்தது வாடைதான். கரைக்குப் போய்ப் பார்த்தால் படகு, வலை, கயிறு எல்லாம் தார் பூசினாற்போல் கறுத்துக் கிடந்தன.

அந்த முகத்துவாரத்தில் கடலைச் சேரும் கொசஸ்தலையாற்றை நாங்கள் ஆறு என்று மட்டுமே சொல்வோம். கடல் ஏறும்போது உப்புநீர் உள்ளே போகும், வற்றும்போது இறங்கும். அந்த ஓட்டத்தில்தான் இறால் குஞ்சுகள் அலையாத்திக் காட்டுக்குள் போய் வளரும். எண்ணெயும் அதே வழியில் போனது. சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு மூச்சுவிடும் வேர்களில் அப்பிக்கொண்டது. நீர் வற்றும்போது மறுபடி வெளியே வந்தது. நேற்று அள்ளிய இடம் இன்று திரும்பக் கறுத்திருக்கும்.

அள்ளியவர்கள் நாங்கள்தான். தொழில் நின்றுபோயிருந்தது, கூலி உண்டு என்றார்கள். தொடக்கத்தில் பக்கெட்டும் மக்கும்தான் கருவி. வெறுங்கையால் அள்ளிப் பேரல்களில் ஊற்றினோம். கையுறையும் பூட்ஸும் பிறகுதான் வந்தன. தலை கிறுகிறுத்தது, கண் எரிந்தது, முழங்கை வரை தடித்துத் தடித்து அரித்தது. வீட்டுக்குப் போனால் மகள், "நைனா, கிட்ட வராத, நாத்தம் தாங்கல" என்று நகர்ந்துகொள்வாள். சோப்புக்கும் போகவில்லை, தேங்காயெண்ணெய்க்கும் போகவில்லை.

அந்த நாட்களில்தான் பழுப்பேறிய கூழைக்கடாக்களைப் பார்த்தேன். எங்கள் ஆறு வடக்கே கால்வாய் வழியாகப் பழவேற்காடு ஏரியைத் தொடுகிறது. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் பறவைகள் சரணாலயம். அங்கே ஒதுங்கும் பறவைக்கு எண்ணூரும் இரை தேடும் இடம்தான். எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்று அதற்கென்ன தெரியும்? எண்ணெய் பட்ட இறகுக்குள் தண்ணீர் புகுந்துவிடும், குளிர் தாக்கும். அலகால் கோதிச் சுத்தம் செய்யப் பார்த்தால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். சிலவற்றைப் பிடித்துக் கழுவ ஆட்கள் வந்து அலைந்தார்கள்.

அரிப்பு ஆறுவதற்குள் 26-ஆம் தேதி நள்ளிரவு வந்தது. கப்பலிலிருந்து ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் பெரியகுப்பம் பக்கம் கசிவு. தூக்கத்திலேயே நெஞ்சை அடைத்தது. அமோனியா ஈரத்தைத் தேடிப் போய்க் கரையும். அதனால்தான் முதலில் கண்ணும் தொண்டையும் எரிகின்றன. ஈரத்துணியை முகத்தில் பொத்திக்கொண்டு, கிழவிகளைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினோம். மயங்கியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடிந்ததும் ஊர் ஊராக ரோட்டில் உட்கார்ந்தோம்.

எண்ணெய்க்கு நிவாரணமாகக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் அறிவித்தார்கள். படகு ரிப்பேருக்குத் தனி. மருத்துவ முகாமில் களிம்பும் மாத்திரையும் கிடைத்தன. பறவை ஒரு கணக்கில், படகு இன்னொரு கணக்கில், எங்கள் தோல் மூன்றாவது கணக்கில். ஆறு மட்டும் எந்தக் கணக்கிலும் முழுசாக ஏறவில்லை.

மறுபடி வலை போட்டபோது வேறு சிக்கல் வந்தது. என் வீட்டுக்காரி கூடையை இறக்கியதும், மீன் வாங்க வந்தவர்கள் "எண்ணூர் மீனா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கூடைக்கு நகர்ந்தார்கள். அவர்கள்மேல் கோபமில்லை, அவர்களுக்கு வேறு கூடை இருக்கிறது. விற்காத மீன் எங்கள் வீட்டுக் குழம்புக்கு வந்தது. அந்தக் குழம்பைத்தான் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

இப்போதும் ஆய்வு என்று வருகிறார்கள். சிலர் தண்ணீரைப் புட்டியில் பிடிப்பார்கள், சிலர் இருமலைப் பற்றிக் கேட்பார்கள். வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றைத்தான் கேட்கிறேன்: ஆற்றுச் சேறு, அதில் மேய்ந்த இறால், அதைத் தின்ற கூழைக்கடா, அதே இறாலைத் தின்ற நாங்கள், எல்லாவற்றையும் ஒரே ஆய்வில் வைத்துப் பாருங்கள். சரணாலயத்தைக் காப்பாற்றுகிறோம் என்பவர்களும் எங்களுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்பவர்களும் ஒரே மேசையில் உட்காராதவரை, அடுத்த மழைக்கும் மக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கப்போவது நாங்கள்தான்.