கவாத்துக் குச்சி

வீட்டிலேயே மரத்தில் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அடுப்புதான். மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்களுக்கு மரம் என்றால் முதலில் விறகு. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

தேயிலைச் செடியை நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவார்கள். வெட்டாமல் விட்டால் அது மரமாகிவிடும், கொழுந்து கைக்கு எட்டாது. கவாத்து முடிந்த காட்டைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். பச்சையே இல்லாமல் மொட்டை முண்டுகளாக நிற்கும். இலையும் பொடிக்குச்சியும் அங்கேயே மட்கக் கிடக்கும். விரல் பருமனுக்கு மேல் உள்ளதைப் பெண்கள் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து, எடை போட்டு, வீடு திரும்பும் வழியில் இந்தச் சுமை. அது பரணில் ஏறி அடுப்புப் புகையில் மாதக்கணக்கில் காயும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் செண்டுவாரைப் பக்கம் சில காலைகளில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும்; வெந்நீர் இல்லாமல் முகம் கழுவ முடியாது. அந்த நேரத்தில் பரணிலிருந்து நல்ல குச்சியாகப் பார்த்துப் பொறுக்குகிற பேரனை எந்த ஆச்சியும் கொஞ்சமாட்டாள்.

"அடுப்புக்கு வச்ச குச்சியில பொம்ம செய்யப் போறியாலே? நாளைக்குத் தண்ணி காய வைக்க ஒன் நச்சத்திரத்தையா எரிக்க?" என்பாள் என் ஆச்சி. திட்டி முடித்துவிட்டு, நேரான குச்சி எந்தக் கட்டில் இருக்கிறது என்பதையும் அவளே சொல்வாள்.

நாங்கள் செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. குச்சியை ஆக்ஸா பிளேடால் வில்லை வில்லையாக அறுப்போம். சாய்த்து அறுத்தால் முட்டை வடிவம் வரும். ஒரே நீளத்தில் ஐந்து குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று மாட்டிக் கட்டினால் நட்சத்திரம். கணு உள்ள குச்சியில் கணுவைத் தலையாக வைத்து, தேய்ந்துபோன கவாத்துக் கத்தியால் நாலு சீவு சீவினால் ஆடு. அது ஆடு என்று நாங்கள்தான் சொல்லவேண்டும். லயத்து முனையில் போடும் குடிலில் அந்த ஆடுகள் நிற்கும். குடில் கட்ட வருகிற பையன்களில் பாதிப் பேர் வீட்டுச் சுவரில் முருகன் படம் இருக்கும். மாரியம்மன் திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிற கைகளேதான் இங்கேயும் பாசியும் பெரணியும் பரப்பும். மூணாற்றில் 1898இல் தொடங்கி இப்போது பசிலிக்காவாகிவிட்ட மவுண்ட் கார்மல் ஆலயத்துக் குடிலைப் பார்த்துவிட்டு வந்து, அதில் உள்ளதெல்லாம் நம் குடிலிலும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களும் அவர்கள்தான்.

எங்களுக்கு முந்திய தலைமுறைக்கு இன்னொரு மூலப்பொருள் கிடைத்தது. தேயிலைப் பெட்டி. 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ இந்த மலையைக் குத்தகைக்கு எடுத்தார். பின்னால் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து தேயிலை போட்டார்கள். விளைந்த தேயிலை பெட்டி பெட்டியாக மலையிறங்கியது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன், அங்கிருந்து ரோப்வேயில் கொட்டக்குடி, பிறகு போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. பெட்டி மட்டும் இன்னும் பல காலம் இருந்தது. மெல்லிய பிளைவுட், உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். உடைந்த பெட்டி ஒன்று கைக்குக் கிடைத்தால் பலகை குடிலுக்குச் சுவராகும், தாள் நட்சத்திரத்துக்கு மினுக்காகும். காகிதச் சாக்கு வந்தபின் அது நின்றுபோனது. லயத்துப் பெரியவர்கள் இதைச் சொல்லும்போது அந்தத் தாளின் பளபளப்பைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்வார்கள். இப்போது கடையில் தொங்கும் எல்.இ.டி. நட்சத்திரம் அதைவிடப் பளபளப்புதான். ஆனால் அதைச் செய்தவருக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தேயிலைக் குச்சி நல்ல மரம். வெளிர்மஞ்சள், நெருக்கமான இழை, கனம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தந்தம் மாதிரி வழவழப்பாகும். ஒரே தொல்லை விரிசல். மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையம் ஓடும் சுற்றுவாக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் பச்சையில் அறுத்த வில்லை எங்காவது ஓரிடத்தில் பிளந்துதான் தீரும். முழுக்குச்சியாகவே, பட்டையோடு, இரண்டு முனையிலும் மெழுகுவத்தியை உருக்கித் தடவிக் காயவைத்து, பிறகு அறுத்தால் பெரும்பாலும் தப்பும். பரணில் புகை செய்த வேலையும் அதுதான். அவசரமில்லாமல் காயவைத்தது.

பிழைப்புக்காகப் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்தபின் இதன் அடுத்த பாடம் தெரிந்தது. மலையில் நன்றாகக் காய்ந்த வில்லைகள் இங்கே வந்த சில நாளில் 'டிக்' என்று சத்தம் போட்டுப் பிளக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வருகிற மார்கழிக் காற்று அப்படிப்பட்டது. உதட்டையே வெடிக்க வைக்கிற காற்று, மரத்தை விடுமா? ஒரே மலைத்தொடர்தான், ஈரக்கணக்கு வேறு. எந்த ஊரில் தொங்கவிடப் போகிறோமோ அந்த ஊர்க் காற்றில் கொஞ்ச நாள் கிடந்த பிறகே குச்சியை அறுக்கவேண்டும்.

சாயத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். ஆறிப்போன கெட்டி டீ டிகாஷனை வில்லையின் மேல் இரண்டு தடவை பூசிக் காயவிடுங்கள். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் சில நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் துணியை நனைத்து மேலே ஒற்றுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் சாம்பலாகி, பிறகு கருநீலமாகிவிடும். டீயில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை. பழங்காலத்து எழுத்து மை செய்ததும் இதே சூத்திரத்தில்தான். பட்டையை மட்டும் விட்டுவிட்டு நடுவைக் கறுக்க வைத்தால் வில்லைக்குத் தானாகவே ஒரு சட்டம் வந்துவிடும். தேயிலை மரத்துக்குத் தேயிலைச் சாயம். எனக்கு இது பிடித்திருக்கிறது.

உலகத்தில் மர அலங்காரத்துக்குப் பேர்போன இடம் ஜெர்மனியில் செக் எல்லையோரம் இருக்கும் எர்ஸ்கெபிர்கே மலை. அங்கேயும் தொடக்கம் கூலிக்காரர்கள்தான். வெட்டியெடுத்த வெள்ளீயம் குறைந்து சுரங்க வேலை ஒடுங்க, சைஃபன் என்ற ஊர்க்காரர்கள் மரக் கடைசலுக்குத் திரும்பினார்கள். அவர்களிடம் ஒரு வித்தை உண்டு. ஈரமரத்தை வளையமாகக் கடைவார்கள். மேலிருந்து பார்த்தால் வெறும் வளையம். அதைக் கேக் வெட்டுவதுபோல் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் பக்கவாட்டில் ஒரு குதிரை, ஒரு பசு. கடையும்போது உள்ளே இருக்கும் உருவம் கண்ணுக்குத் தெரியாது. கை மட்டும்தான் அறியும். வேலையற்றுப்போன மலைக்காரர்கள் வயிற்றுப்பாட்டுக்குக் கண்டுபிடித்ததை இன்று ஐரோப்பாவே பண்டிகை என்கிறது. நம் மலையில் அப்படி ஒரு தொழில் உருவாகவில்லை. குச்சி இருந்தது, கத்தி இருந்தது, நேரம் இல்லை. பொழுது விடிந்தால் பிரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடவேண்டும்.

எந்த மரத்தில் செய்வது என்பதிலும் நம் கேரள-தமிழ்நாட்டு எல்லைப் பகுதிக்கு என்று சில கண்டிப்புகள் உண்டு. மறையூரில் வீட்டு வாசலிலேயே சந்தன மரம் நிற்கும். சுற்றி வேலி, காவல். அதன் சுள்ளியைத் தொட்டாலும் வழக்கு. ஈட்டியும் அப்படித்தான். காட்டுக்குள் போய்க் குச்சி பொறுக்குவது பரம்பிக்குளத்திலும் சின்னாறிலும் நடக்காத காரியம், நடக்கவும் கூடாது. ஆனால் யாரும் சண்டைக்கு வராத மரம் ஒன்று எல்லா வேலியோரத்திலும் இருக்கிறது. உண்ணிச்செடி. அழகுக்காக வெள்ளைக்காரர் கொண்டுவந்தது, காட்டையே மூடிவிட்டது. ஆடுமாடு தின்னாது, செல்லும் எளிதில் அரிக்காது. வேகவைத்துப் பட்டையை உரித்தால் கம்பிபோல் வளையும். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இதை வளைத்து ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைச் செய்தார்கள். 2021இல் அந்த யானைக் கூட்டம் லண்டன் பூங்காக்களில் நின்றது. யானை செய்யக்கூடிய குச்சியில் ஒரு வளையமும் நட்சத்திரமும் வராதா?

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்து வீடுகளில் நவராத்திரிக்கு மரப்பாச்சி ஜோடியை எடுத்துத் துடைத்து, புதுப் பட்டுத்துண்டில் உடை தைத்துப் போட்டுக் கொலுவில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். செம்மரம், தலைமுறை தாண்டி வருவது. பொம்மையை யார் கடைந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்த வருஷத்துப் பாவாடையைத் தைத்தது யார் என்பது எல்லாருக்கும் தெரியும். கவாத்துக் குச்சியோ நிலைக்காது. அடுத்த மார்கழிக்குள் பாதி அடுப்புக்குப் போய்விடும். ஆச்சியின் நியாயப்படி அது சரிதான். அலங்காரம் என்று எடுத்ததை விறகாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குத் தேயிலைத் தோட்டம் வேண்டாம். வீட்டுக் கொய்யாவையோ மாதுளையையோ வேம்பையோ ஐப்பசியிலேயே கழித்துவிடுங்கள். கட்டைவிரல் பருமனில் பட்டையோடு எடுத்து, முனைக்கு மெழுகு தடவி, வெயில் படாமல் காற்று படும் இடத்தில் போடுங்கள். டிசம்பர் இருபதாம் தேதி வெட்டிய பச்சைக் குச்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, மரம் சரியில்லை என்று சொல்லாதீர்கள்.