விதையைத் தேர்ந்தவர் யார்?

கரிசல் காட்டில் மழைக்கு முன்பே விதையைத் தேர்ந்து வைப்பது வழக்கம். எது மணி, எது பொக்கு என்று பிரிக்கும் வேலையை எந்தச் சம்சாரியும் அயலாரிடம் விட்டுவிடுவதில்லை. ஐந்தாண்டுக் காலம் நம் சார்பில் சட்டமன்றத்தில் அமரப் போகிறவர் விஷயத்தில் மட்டும் அந்த எச்சரிக்கை நமக்கு ஏனோ இல்லை.

2019 மார்ச் மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நாகலாபுரம் கடைத்தெருவில் நண்பர்களோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். நம் ஊரை உள்ளடக்கிய விளாத்திகுளம் தொகுதிக்கு இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்தது. "யாருக்குச் சீட்டு?" என்பதே பேச்சு. பெரியவர் ஒருவர் சிரித்தார். "பெயரைச் சென்னையில் எழுதுவார்கள் தம்பி. நமக்கு விரலில் மை மட்டும்தான்."

அவர் சொன்னதில் பிழையில்லை. நம் மாநிலத்துப் பெருங்கட்சிகளில் போட்டியிட விரும்புவோர் கட்டணம் செலுத்தி விருப்ப மனு அளிப்பர். தலைமை நேர்காணல் நடத்தும். பிறகு பட்டியல் வெளியாகும். தலைமை ஒப்பமிட்ட 'பி' படிவம் எவர் பெயரில் வருகிறதோ, அவருக்கே சின்னம். தொகுதி மக்களுக்கோ, அங்குள்ள கட்சி உறுப்பினருக்கோ இதில் வாக்கு இல்லை.

அந்த இடைத்தேர்தலில் அ.தி.மு.க. சின்னப்பனை நிறுத்தியது. அக்கட்சியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் மார்க்கண்டேயன் சுயேச்சையாக நின்று 20,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். வெற்றி சின்னப்பனுக்கே. பின்னர் தி.மு.க.வில் சேர்ந்த மார்க்கண்டேயன், 2021 பொதுத்தேர்தலில் அதே சின்னப்பனை வென்றார். இருவரில் யார் சிறந்தவர் என்பது நம் வழக்கன்று. அத்தனை ஆயிரம் பேரின் மனத்தை வாக்குப்பதிவு நாளுக்கு முன் கேட்டறிய ஒரு வழியும் இருக்கவில்லையே என்பதுதான் நம் கவலை.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1903-இல் ஒரு சட்டம் இயற்றி, கட்சி வேட்பாளரையும் வாக்காளரே தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலுக்கு வழி திறந்தது. பிற மாநிலங்களும் தொடர்ந்தன. பணம் படைத்தவர் கை அங்கும் ஓங்குகிறது. ஆயினும் மூடிய அறைக்குள் முடிந்த காரியம் வீதிக்கு வந்தது.

ஊரைக் கேட்பது நமக்குப் புதிதன்று. கி.பி. 644-இல் குத்துண்டு கிடந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தம் மகனை அப்பதவிக்கு உரியவராக்காமல், அறுவர் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர்களுள் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் முதலில் தம் உரிமையைத் துறந்தார்கள். மதீனத்து மக்களின் கருத்தைக் கேட்டறிந்தார்கள். அதன் பின்னரே உஸ்மான் (ரலி) அவர்களை அறிவித்தார்கள். தேர்ந்தெடுப்பவர் தமக்கென எதையும் நாடலாகாது. ஊரையும் கேட்க வேண்டும். இவ்விரண்டும் போதுமே!

அரசியலாரைக் குறை கூறிவிட்டு எழுந்துபோக மனம் ஒப்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜமாஅத்தின் நிர்வாகத் தேர்வுக்குச் சென்றிருந்தோம். யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் எழுதி முடித்த பட்டியலை ஜும்ஆவுக்குப் பின் வாசித்தனர். எல்லாரும் கை உயர்த்தினர், நாமும் உயர்த்தினோம். ஷூரா என்ற பெயரில் ஓர் அத்தியாயமே திருமறையில் உண்டென்று மேடைகளில் முழங்கிய வாய், அன்று திறக்கவில்லை.

அடுத்த முறை பட்டியல் வாசிக்கப்படும்போது, "இப்பெயர்களை யாரைக் கேட்டு எழுதினீர்கள்?" என்று எழுந்து நின்று கேட்க எண்ணியுள்ளோம். அதற்குரிய துணிவை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக.