பன்னிரண்டு அடி, ஒன்பது அடி

ஊஞ்சல் என்றால் காலைத் தரையில் ஊன்றி ஒரு உந்து உந்த வேண்டும். நான் விற்ற முதல் ஊஞ்சல் கயிற்றில் அது முடியவில்லை. வாங்கினவர் சென்னையிலிருந்து போன் பண்ணினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கயிறு பிரமாதம் ஸார். ஏறி உட்கார ஒரு ஸ்டூலும் சேர்த்து அனுப்பிடுங்களேன்..."

அவர் கேட்டது நாலு கயிறு, ஒவ்வொன்றும் 12 அடி. போய்ச் சேர்ந்தது 9 அடி. அளந்து பார்க்காமல் பார்சல் கட்டிய மேதாவி அடியேன்தான். பி.காம்., இரண்டாம் வகுப்பு.

2020 லாக்-டவுனில் கணக்கு எழுதும் வேலை போய், உத்திரமேரூரில் மாமா வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தேன். மாமா பருத்தி நூலில் கையால் கயிறு திரிப்பவர். மாட்டுப் பொங்கல் வந்தால் மாட்டுக்குப் புது மூக்கணாங்கயிறு, கழுத்துக் கயிறு போட்டே ஆகவேண்டும். மாமாவுக்குத் தூக்கம் கிடையாது. அப்புறம் டிராக்டர் வந்தது, மாடு குறைந்தது. இருந்த மாட்டுக்கும் நைலான் வந்தது. விலை கம்மி, மழையில் மக்காது. மாமாவுக்கு அதன்மேல் ஒரே புகார்: "மூக்கை அறுக்கும்டா. உன் கையில சுத்தி இழுத்துப் பாரு, தெரியும்."

இழுத்துப் பார்த்தேன். தெரிந்தது. பருத்தி கையை எரிக்காது. நனைந்தால் பலம்கூடக் கொஞ்சம் ஏறும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால்தான் பூஞ்சை பிடிக்கும்.

மாட்டுக்கு வேண்டாமென்றால் மனுஷனுக்கு விற்போம் என்று நான்தான் கிளப்பினேன். ஊஞ்சல், தூளி, நாய்க்குட்டியைப் பிடித்துப் போக... கேட்ட நீளம், கேட்ட தடிமன், கேட்ட கலர். முதல் ஆர்டர் வந்த அன்று மாமா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்துக்கொண்டு நானே இறங்கினேன். 12 அடிக் கயிற்றுக்கு 12 அடி நூல். ஐந்தாம் வகுப்புக் கணக்கு!

தெருவில் ஒரு முனையில் மூன்று கொக்கி. கைப்பிடியைச் சுற்றினால் மூன்றும் சேர்ந்து சுழலும். கொக்கிக்கு ஒரு புரி. மறுமுனையில் கல் ஏற்றின சின்னச் சட்டம். புரியில் முறுக்கு ஏற ஏற நீளம் குறைந்து, சட்டம் தானாகக் கொக்கியைப் பார்த்து ஊர்ந்து வரும். பிறகு மூன்று புரியையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். புரி ஒரு பக்கம் அவிழப் பார்க்கும், கயிறு இன்னொரு பக்கம் அவிழப் பார்க்கும். இரண்டும் மல்லுக்கு நின்று ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பசையும் கிடையாது, தையலும் கிடையாது. ஆனால் இதற்குள் நீளத்தில் கால் பங்கு போய்விடும், சில சமயம் மூன்றில் ஒன்று.

"சட்டம் ஊர்ந்து வந்துச்சே, எங்கடா போவுதுன்னு கேக்கத் தோணலையா?" என்றார் மாமா.

ராத்திரியே 16 அடி நூல் அளந்து திரித்துக் கொடுத்தார். ஒன்பதடிக் கயிறுகள் பக்கத்துத் தெரு மாடுகளுக்குப் போயின. அவற்றுக்கு ஸ்டூல் தேவைப்படவில்லை.

நஷ்டம் எவ்வளவென்று பார்க்க நோட்டைத் திறந்தேன். நூல், சாயம், பஸ், பார்சல். மாமா கூலி என்ற இடத்தில் பூஜ்யம். வருஷக்கணக்காக அப்படித்தானாம். "நம்ம வேலைக்கு நாமே கூலி எழுதுவோமா?"

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி தேர்தலுக்கு நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, அவன் தாய்மாமன், சகோதரி மகன் எல்லோரும் அவுட். "மாமா, அந்தக் காலமா இருந்தா உங்களால என் ஓலையும் குடத்துல விழாது" என்றேன்.

மறுநாள் அவர் கூலியையும் சேர்த்து விலை போட்டேன். நைலானைவிட இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. "இதைச் சொன்னா எவன்டா வாங்குவான்?" என்று மாமா எழுந்து வாசலுக்கே போய்விட்டார். அடுத்து விசாரித்த இரண்டு பேர் விலை கேட்டதோடு சரி. மூன்றாவது ஆளிடம் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நீளம் சரியா இருக்குமா ஸார்?" என்றார். யார் சொல்லி வந்தவரோ!

பணம் வந்ததும் மாமா பங்கை எண்ணி அவர் கையில் கொடுத்தேன். இரண்டு முறை எண்ணினார். நோட்டை வாங்கித் தன் பெயருக்கு நேரே எழுதியிருந்ததை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாப்ளே, நாளைக்கு லீவு போட்டா இதுல புடிச்சுக்குவியா?"