மேகமலையில் நடந்த தூரம்

வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பு பற்றிய செய்தியில் எத்தனை இனம், எத்தனை பறவை என்பதெல்லாம் இருக்கும். எத்தனை கிலோமீட்டர் நடந்து எண்ணினார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. ஒரு கிலோமீட்டரில் 20 பழனிச் சிரிப்பான்களைப் பார்ப்பதும் ஐந்து கிலோமீட்டரில் 20 பார்ப்பதும் ஒன்றா? அந்தத் தூரத்தை எப்படித்தான் அளக்கிறார்கள் என்று நேரில் பார்க்க, பறவை நோக்கும் நண்பர் ஒருவர் மூலம் மேகமலைக்குப் போனேன்.

சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் தேயிலை, அதற்கு மேல் சோலைக்காடு. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட 1,016 சதுர கிலோமீட்டரில் இதுவும் அடக்கம். என்னைக் கூட்டிப்போனவர் ஐம்பதைத் தாண்டிய வேட்டைத் தடுப்புக் காவலர். இளவயதில் ஏலத்தோட்டங்களில் எல்லை அளக்க வந்த சர்வேயருக்குச் சங்கிலி பிடித்தவர்.

"அறுபத்தாறு அடிச் சங்கிலி சார், நூறு லிங்க்கு. சரிவுல தரையோட கிடத்தினா அடி விழும். மட்டமாப் பிடிச்சு, தூக்குக்குண்டு விட்டு, படி படியா இறங்கணும்."

பறவைக் கணக்குக்கும் இதுதான் அடிப்படை. முப்பது பாகைச் சரிவில் கால் 100 மீட்டர் ஏறினால் வரைபடத்தில் அது சுமார் 87 மீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பறவை என்று சொல்லும்போது அந்தச் சதுரம் வரைபடத்தில் இருப்பது. காலடியை எண்ணி அப்படியே எழுதினால் காடு பெரிதாகும், பறவை குறையும். காவலர் இடது காலை மட்டும் எண்ணுகிறார். நூறு ஆனதும் ஒரு கொட்டையைச் சட்டைப்பையிலிருந்து கால்சட்டைப் பைக்கு மாற்றுகிறார். மேடு வந்தால் கழிவு போடுகிறார்.

செல்போன் இருக்கிறதே என்று கேட்டேன். அதுவும் கையில் இருந்தது. ஆனால் அடர்ந்த சோலைக்குள் ஜி.பி.எஸ். தடுமாறுகிறது. குக்குறுவான் எங்கிருந்து கூவுகிறது என்று நாங்கள் அசையாமல் நின்ற நேரத்திலும் திரையில் புள்ளி அங்குமிங்கும் தாவி, நடக்காத தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனது. வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதையிலோ, புள்ளிகள் தள்ளித் தள்ளி விழுந்தால் வளைவுகளை வெட்டிக் குறைத்துவிடும். ஒன்று கூட்டியது மற்றொன்று குறைத்ததோடு சரியாகிவிடும் என்று நம்ப வழியில்லை.

நடந்த தூரம் பாதிதான். பாதையிலிருந்து பறவை எவ்வளவு தள்ளி இருந்தது என்பதும் வேண்டும். தள்ளிப்போகப் போகக் கண்ணில் படுவது குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பதை வைத்தே தவறவிட்டவற்றை மதிப்பிடுகிறார்கள். அதைக் கணினி செய்கிறது, நான் அதற்குள் போகவில்லை. கணினிக்குக் கொடுக்கும் எண் எங்கே பிறக்கிறது என்பதைத்தான் பார்த்தேன். ஐந்து மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு அது. காவலர் ஒரு மரத்தைக் காட்டிப் புதுப்பையன்களிடம் தூரம் கேட்கிறார். ஆளுக்கொன்று சொன்ன பிறகு கயிற்றை ஓட்டிக் காட்டுகிறார். சில வாரம் இப்படிப் பழகினால் கண்ணுக்குத் தூரம் பிடிபடுமாம். காதுக்குத்தான் கஷ்டம். சோலையில் பாதிப் பறவைகள் குரல் மட்டும்தான். ஓடைச் சத்தத்தில் சீகாரப்பூங்குருவியின் சீழ்க்கை பக்கத்திலா, அக்கரையிலா என்று சொல்ல வருடங்கள் ஆகும்.

ஈபேர்ட் இணையதளத்தில் பறவைப் பட்டியல் இடுபவர்களுக்கு ஒரு விதி உண்டு. போன வழியிலேயே திரும்பினால் ஒருவழித் தூரத்தை மட்டும் எழுத வேண்டும். அதே இடத்தை இரண்டு தடவை அளந்ததாக ஆகிவிடக் கூடாது அல்லவா, அறிவியலுக்கு அது சரி. ஆனால் காவலருக்கு முழு நடையும் நடைதான். யானைத்தடம் பார்த்து ஒதுங்கியது, அட்டைக்கடி, நனைந்த பூட்ஸ் எதுவும் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை. இத்தனை வருடமாகியும் அவர் தற்காலிகப் பணியாளர். நீள லென்ஸில் எடுத்த படத்துக்குக் கீழே படமெடுத்தவர் பெயரைப் போடத் தெரிந்த நமக்கு, அறிக்கையின் ஒவ்வொரு எண்ணையும் தாங்கும் காலுக்குரியவரின் பெயரைப் போட இடமில்லை. நிரந்தர வேலையும் கௌரவமான சம்பளமும் தராமல் 'வன வளம்' பற்றி மேடையில் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

இதே மலையில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத்துரை ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். சாதாரண இனத்தின் பெயரில் அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் கிடந்தது. 1972இல் தாய்லாந்தின் கிட்டி தோங்லோங்யா அதைப் புதிய இனம் என்று காட்டி, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். தவறிய பெயரை, மாதிரி கையில் இருந்ததால், இருபத்துநான்கு வருடம் கழித்தும் திருத்த முடிந்தது. நடந்த தூரம் அப்படியல்ல. அன்று எழுதாவிட்டால் எந்த அலமாரியிலும் அதைத் தேடி எடுக்க முடியாது.

படிவத்தில் செல்போன் காட்டிய தூரத்தையும் தம்முடைய கணக்கையும் இரண்டு வரியாக எழுதச் சொன்னார் காவலர். இரண்டாவது வரிக்குக் கட்டமே இல்லை, ஓரத்தில் எழுதினோம். நடந்து எண்ண வேண்டிய அடுத்த கோட்டில் உண்ணிச்செடி மண்டிவிட்டதாம். கணக்கெடுப்புக்கு முன்னால் அதை வெட்டி, கயிற்றைப் போட்டு மறுபடி அளக்க வேண்டும் என்று பையன்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்தார்.