ஒரு பிட் பாடபேதம்

‘பழசாகிவிட்டது’ என்பது நோயின் பெயர் அல்ல. வயதைச் சொல்வதோடு அது நின்றுவிடுகிறது. ஆனாலும் நம்மிடையே அதுவே தீர்ப்பாகச் செல்லுபடியாகிறது – ஒரு கவிஞனைப் பற்றியானாலும் சரி, ஒரு கம்ப்யூட்டரைப் பற்றியானாலும் சரி. பழுது எங்கே, எதனால், எந்த நிலைமையில் வெளிப்படுகிறது என்ற மூன்று கேள்விகளையும் தாண்டிக் குதித்து, நேராகக் குப்பைத்தொட்டிக்கு வழி காட்டுகிற சொல் அது. விமர்சனத்தில் இந்தக் குறுக்குவழியை எதிர்த்துச் சில வருஷங்களாக எழுதிவருகிறேன். இப்போது சொல்லப்போவது ஒரு மெஷினைப் பற்றி. விஷயம் வேறல்ல என்றே எனக்குப் படுகிறது.

மெஷின் என் நண்பருடையது. 2009-ல் உதிரி பாகங்கள் வாங்கி அவரே அசெம்பிள் செய்தது. கோர் 2 டுவோ பிராசஸர், 2 ஜிபி ராம் இரண்டு, டெபியன் லினக்ஸ். அதில்தான் அவர் தம் கட்டுரைகள் எல்லாவற்றையும் எழுதினார். கையெழுத்துப் படி என்று ஒன்றும் கிடையாது. 2022-ல் அவர் காலமான பிறகு, அச்சாகாத கட்டுரைகளைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மெஷினும் கூடவே வந்தது. அது நின்று நின்று ஓடியது. சில நாள் இரண்டு மணி நேரம் ஒழுங்காக இருக்கும். சில நாள் பத்து நிமிஷத்தில் உறைந்துபோகும். அவருடைய மனைவி கேட்டார்: “தம்பி, உள்ளே இருக்கறத மட்டும் எடுத்துக்கிட்டு, பேசாம அதை எடைக்குப் போட்டுடக் கூடாதா?”

நியாயமான கேள்விதான். “அக்கா, உள்ளே இருக்கிறது சரியா இருக்கான்னு தெரியணுமே” என்றேன். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது.

லினக்ஸ் குறிப்பெழுதும் பழக்கமுடையது. எது எப்போது துவங்கியது, எது எதனால் விழுந்தது என்று ஜர்னலில் வரி வரியாகப் பதிந்துகொண்டே போகும். அதைப் படித்தால் திங்களன்று பிரௌஸர் விழுந்திருக்கிறது; புதனன்று லிபர்ஆபீஸ்; இன்னொரு நாள் வெறும் கடிகாரம் காட்டும் ஒரு சிறிய புரோகிராம். எல்லாவற்றுக்கும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்றே காரணம் எழுதியிருந்தது. தனக்குச் சொந்தமில்லாத நினைவிடத்தைத் தொடப்போன புரோகிராமை கெர்னல் தடுத்து நிறுத்திவிட்டது என்று இதற்குப் பொருள். மெஷின் முழுவதும் உறைந்துபோன சமயங்களிலோ அதுவும் இல்லை. கடைசி வரி ஏதோ அன்றாட வேலை முடிந்ததைச் சொல்லும். அடுத்த வரி மறுநாள் துவக்கம். செத்துக்கொண்டிருப்பது தன் கடைசி வரியைத் தானே எழுத முடியாதல்லவா? குறிப்பேடு பொய் சொல்லவில்லை, மௌனமாகிவிட்டது. அந்த மௌனத்தையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளவேண்டும்.

ஒரே புரோகிராம் திரும்பத் திரும்ப விழுந்தால் குற்றம் அதனுடையதாக இருக்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை மாறி மாறி விழுந்தால், அவை எல்லாம் நிற்கிற தரையைத்தான் பார்க்கவேண்டும். தரை என்பது இங்கே நான்கு: சூடு, மின்சாரம், டிஸ்க், நினைவகம்.

பாங்கில் நான் சேர்ந்த புதிதில், ஓய்வு பெறவிருந்த தலைமைக் காசாளர் ஒருவர் சொல்லித்தந்த பாடம் உண்டு. கணக்கு உதைத்தால் முதலில் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 81 என்பது 18 ஆகியிருந்தால் வித்தியாசம் 63. யார் செய்த தவறு என்று இது சொல்லாது. எந்த மாதிரித் தவறு என்று சொல்லும். தேடவேண்டிய இடம் சுருங்கிவிடும். இப்படித் தேடாமல் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. ‘பழசாகிவிட்டது’ என்பது சிந்தனையின் சஸ்பென்ஸ் கணக்கு.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். இரண்டை ஒருசேர மாற்றிக் குணமானால் எது குணமாக்கியது என்று தெரியாது. விசிறியின் தூசியைத் துடைத்து, பிராசஸர் மேல் காய்ந்துபோயிருந்த பசையை மாற்றினேன். சூடு குறைந்தது, பழுது நீடித்தது. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் வந்த பல மதர்போர்டுகளில் கெபாஸிட்டர்களின் திரவம் மட்டமாக இருந்து, அவை தலை உப்பிக் கெட்டுப்போன சரித்திரம் உண்டு. இதில் எல்லாம் தட்டையாகவே இருந்தன. வேறொரு பவர் சப்ளையை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்த்தும் பயனில்லை. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே தரும் அறிக்கையில், கெட்டு மாற்றப்பட்ட பகுதிகள் பூஜ்யம். மிஞ்சியது நினைவகம்.

நினைவகத்தைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இயங்குதளம் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தானே தோண்டிப் பார்க்க முடியாது. எனவே லினக்ஸே இல்லாமல், மெஷின் எழுந்திருக்கும்போது தனியாக ஓடும் சோதனை தேவைப்படுகிறது. 1994-ல் கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட்86 அப்படிப்பட்டது. அதிலிருந்து 2004-ல் கிளைத்தது மெம்டெஸ்ட்86+. ஒவ்வொரு விலாசத்திலும் ஒன்றை எழுதுவது, திரும்பப் படிப்பது, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது – இதையே வெவ்வேறு மாதிரிகளில் சலிக்காமல் செய்கிறது. முதல் மணி நேரம் ஒன்றுமில்லை. உடம்பு சூடேறிய பிறகு வந்தது சிவப்பு வரி. ஒரே விலாசம், ஒரே பிட். எழுதியது 0, படித்தது 1. இரவு முழுக்க ஓடவிட்டும் இதற்கு நேர்மாறாக – எழுதியது 1, படித்தது 0 என்று – ஒரு தடவைகூட வரவில்லை. ராம்களைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒன்று சுத்தம். மற்றொன்று எந்தத் துளையில் செருகினாலும் அதே குற்றத்தைச் செய்தது. துளை நிரபராதி.

நினைவகத்தில் பிட் தானாக மாறுவது புதிய செய்தி அல்ல. சிப்பின் உறையிலுள்ள கதிரியக்கத் துகள்கள் பிட்டுகளைப் புரட்டிவிடுவதை இன்டெலைச் சேர்ந்த மேயும் வுட்ஸும் 1970-களின் கடைசியிலேயே காட்டிவிட்டார்கள். அது வந்துபோகிற பிழை. ஆனால் கூகுளின் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று, நடைமுறையில் மிகுதியாக இருப்பது அந்த வகை அல்ல, ஒரே இடத்தில் நிலைத்துவிட்ட பழுதுதான் என்று கண்டது. இதற்குக் காவலும் இல்லாமலில்லை. 1981-ல் வந்த ஐபிஎம் பெர்சனல் கம்ப்யூட்டரில் எட்டு பிட்டுக்கு ஒன்பதாவதாக ஒரு காவல் பிட் இருந்தது. கணக்கு உதைத்தால் மெஷின் நின்றுவிடும். பிறகு வீட்டு மெஷின்களில் செலவைக் குறைக்க அந்தக் காவலை எடுத்துவிட்டார்கள். சர்வர்களில் மட்டும் அதன் மேம்பட்ட வடிவம் தொடர்ந்தது. லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2021-ல் இதற்காகப் பகிரங்கமாகவே சீறினார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. தவறு நேர்ந்தால் நின்றுவிடும் மெஷின் நாணயமானது. தவறோடு தொடர்ந்து நடக்கும் மெஷின் என்ன செய்யும்? நண்பரின் ஃபைல்களில் அதைப் பார்த்தேன்.

யூனிகோடில் தமிழ் எழுத்துக்களின் வரிசை, 1988-ன் இந்தியத் தரமான இஸ்கியை ஒட்டி அமைந்தது. அதில் ந-வுக்கு அடுத்தது ன, ர-வுக்கு அடுத்தது ற, ல-வுக்கு அடுத்தது ள. ஃபைலில் ஒரு தமிழ் எழுத்து மூன்று பைட்டுகளாக உட்காருகிறது. ‘ல’வின் மூன்றாவது பைட் 10110010, ‘ள’வினுடையது 10110011. வித்தியாசம் கடைசி பிட் ஒன்றே. அந்த ஒரு பிட் முதல் பைட்டில் மாறினால் ‘ல’ இருந்த இடத்தில் மேற்கு ஜாவாவின் சுண்டானிய எழுத்துமுறையில் 2 என்ற இலக்கம் வரும். அநேகமாக வெறும் கட்டமாகத் தெரியும். இரண்டாவது பைட்டில் மாறினால் தமிழில் ஆயிரத்தைக் குறிக்கும் ௲ வரும். இரண்டும் கூச்சலிட்டுத் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவதில் மாறினால் சத்தமில்லை. கலை களையாகிவிடும். அரம் அறமாகிவிடும். எழுத்துப்பிழையாகத் தெரியும், சமயத்தில் பிழையாகக்கூடத் தெரியாது.

நண்பர் 2016-ல் சில கட்டுரைகளை ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருந்ததை அக்கா தேடி எடுத்துத் தந்தார். அதையும் மெஷினில் இருப்பதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். பின்னால் அவர் சேர்த்த பத்திகள், வெட்டிய வரிகள் போக, ஓர் எழுத்து மட்டும் மாறிய இடங்கள் மூன்று. ‘நேரம்’ ஓரிடத்தில் ‘நேறம்’. ‘பலர்’ ஓரிடத்தில் ‘பளர்’. மூன்றாவது, ‘கலையின் பிடிவாதம்’ என்றிருந்தது ‘களையின் பிடிவாதம்’ ஆகியிருந்தது.

முதல் இரண்டும் தொந்தரவில்லாதவை. எந்தக் கையும் வேண்டுமென்று அப்படித் திருத்தாது. மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அது நன்றாக இருக்கிறது. யாரும் நீரூற்றாத, பிடுங்கப் பிடுங்க முளைக்கிற ஒன்றாகக் கலையைப் பார்ப்பது நண்பருக்கு அந்நியமான பார்வையும் அல்ல. அவரே பிற்பாடு ஓர் எழுத்தை மாற்றி வாக்கியத்துக்கு உயிர் கொடுத்திருக்கலாம். கட்டுரையைப் படித்த நண்பர் ஒருவர் அந்தச் சொற்றொடருக்காகவே தொகுப்பு வரவேண்டும் என்றார்.

1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையருக்குப் பாடபேதங்களைச் சீர்தூக்கப் பல ஏடுகள் இருந்தன. ஏட்டில் புள்ளி இராது; ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும்; ஆயினும் எழுதினவன் எங்கே தடுமாறுவான் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு இருப்பவை இரண்டே படிகள். ஆனால் என் ஏட்டெழுத்தாளன் எங்கே தடுமாறுவான் என்பதும் எனக்குத் தெரியும். அவன் 0-வை 1 ஆக்குவான், 1-ஐ 0 ஆக்கமாட்டான். மூன்று மாற்றங்களும் ஒரே திசையில் போகின்றன: ர, ற ஆகியிருக்கிறது, ல, ள ஆகியிருக்கிறது. எதிர்த்திசையில் ஒன்றுகூட இல்லை. மனிதக் கை இரு பக்கமும் சறுக்கும். தவிர, நண்பர் தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர். அதில் ல-வும் ள-வும், ர-வும் ற-வும் வேறு வேறு வரிசைகளில் இருப்பவை. விரல் நழுவிப் பக்கத்து எழுத்தில் விழுந்ததென்று சொல்ல இடமில்லை.

இது நிரூபணம் அல்ல, பலமான அனுமானம். அழகாக இருப்பதே அவர் எழுதியது என்று முடிவு செய்வது ரசனையின் சோம்பேறித்தனம். ஒரு பிரதியில் எல்லா நல்ல தற்செயல்களையும் ஆசிரியன் கணக்கில் வரவு வைக்கிற பழக்கம் நம் விமர்சனத்தில் மண்டிக் கிடக்கிறது. எல்லாம் பிரதியின் லீலை, ஆசிரியன் யாராயிருந்தால் என்ன என்கிறவர்களுக்கு இந்தப் பிரச்னையே எழாது. எனக்கு எழுகிறது. அந்த மனிதரை எனக்குத் தெரியும்; ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் கட்டுரையைக் கிடப்பில் போட்டவர். அவர் எழுதாத நல்ல வாக்கியத்தை அவர் பெயரில் அச்சிடுவது மரியாதை ஆகாது.

பழுதான ராமை நான் தூக்கி எறியவில்லை. மெஷின் துவங்கும்போதே இன்ன விலாசத்திலிருந்து இவ்வளவு இடத்தைத் தொடாதே என்று கெர்னலுக்கு ஒரு வரி எழுதிவைக்க லினக்ஸில் வழி இருக்கிறது. மெம்மேப் என்று பெயர். 4 ஜிபி நினைவில் 64 கிலோபைட்டை இப்படி ஒதுக்கினேன். நான்கு மாதமாக மெஷின் ஒரு தடவைகூட உறையவில்லை. வயது குறைந்துவிடவில்லை, எங்கே கால் வைக்கக் கூடாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அக்காவிடம் இரண்டு படிகளையும் காட்டினேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அவரு எழுதினது எது தம்பி?” என்றார்.

தொகுப்பில் ‘கலையின் பிடிவாதம்’ என்றுதான் இருக்கும். ‘களை’ அடிக்குறிப்பில் வரும், பழுதான பிட்டின் விலாசத்தோடு.