தோட்டாவுக்கு வந்த விரிசல்

மாப்பிள்ளை வீட்டில் மாமனார் சும்மா உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையினால் விளைந்த விபரீதத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

என் மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் குறி பார்த்துச் சுடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. அவரிடம் இருப்பது ஒரு பழைய லீ என்பீல்டு துப்பாக்கி. இரண்டு உலக யுத்தங்களிலும் நம் சிப்பாய்கள் தோளில் சுமந்த ஜாதி. சுட்டபின் வெளியே விழும் பித்தளைக் கூடுகளை அவர் எறிவதில்லை. அச்சில் கொடுத்துப் பழைய அளவுக்கு இறுக்கி, புதுக் கேப்பும் மருந்தும் ரவையும் வைத்து மறுபடி தோட்டாவாக்கிவிடுவார். அந்த நாட்டில் பலர் வீட்டு மோட்டார்க் கொட்டகையிலேயே இந்தக் காரியத்தைச் செய்கிறார்கள்.

சென்ற வருஷம் போயிருந்தபோது, ஒரு டப்பா நிறையக் கூடுகள் கறுத்துக் கிடந்தன. கறுத்த பித்தளையைக் கண்டால் நம்மவர்களுக்குப் பொறுக்குமா? "புளி இருக்கிறதா, அம்மா?" என்று பெண்ணைக் கேட்டேன். ரஸத்துக்கே அளந்துதான் வைத்திருப்பதாகப் பதில் வந்தது. அலமாரியில் பித்தளை துலக்கும் திரவம் ஒரு புட்டி இருந்தது. மூடியைத் திறந்ததும் நெடி மண்டையில் ஏறியது. அதைக் கொண்டு 60 கூடுகளையும் தங்கம்போல் துலக்கிவிட்டேன். மாப்பிள்ளை சந்தோஷப்பட்டு, அவற்றிலேயே மருந்திட்டுப் பெட்டியில் அடுக்கினார். எதைக் கொண்டு துலக்கினேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த வருஷம் மறுபடியும் போனேன். ஒரு சனிக்கிழமை மாலை அந்தப் பெட்டியைத் திறந்தவருடைய முகம் மாறியது. தோட்டாவின் கழுத்தில், ரவையைப் பற்றியிருக்கும் இடத்தில், நீளவாக்கில் மயிரிழைபோல் ஒரு கீறல். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தார். 60-இல் 11 அப்படி இருந்தன.

"பித்தளையே மட்டம், மாமா! கூடு செய்த கம்பெனிக்கு இன்றைக்கே எழுதுகிறேன்" என்றார்.

பிறகு வேறொரு கூட்டை எடுத்து வந்தார். அது சுட்ட கூடு. அடியிலிருந்து அரை அங்குலத்துக்குள்ளாக, சுற்றிலும் மோதிரம் போட்டதுபோல் பளபளப்பான கோடு ஒன்று தெரிந்தது. மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு என் கையில் கொடுத்தார். மேலும் கீழும் இழுத்தபோது, அந்த இடத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் தட்டியது.

"இது என் துப்பாக்கியின் குற்றம், மாமா. இதில் கதவைப் பூட்டும் தாழ் பின்பக்கம் இருக்கிறது. கூடு உட்காரும் அறையும் கொஞ்சம் விசாலம். சுடும்போதெல்லாம் கூடு நீண்டு நீண்டு இங்கே மெலிந்துவிடுகிறது. இன்னொரு தடவை சுட்டால் இரண்டாக அறுந்து, கொதிக்கும் வாயு என் முகத்தை நோக்கி வந்தாலும் வரும். இதற்காகக் கம்பெனிக்காரனை நான் குறை சொல்லமாட்டேன். பலமுறை சுட்டு, பலமுறை அச்சில் இறுக்கிய கழுத்து விறைத்துப்போய்ச் சுடும்போது பிளந்தாலும் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பதினொன்றும் சுடாமல் பெட்டிக்குள் கிடந்தவை. கிடந்த இடத்தில் பித்தளை வெடிக்குமா?"

வெடிக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ரஸாயனம் கற்பித்தவன்.

வெள்ளைக்காரர் நம் நாட்டை ஆண்ட காலத்தில் அவர்களுடைய பட்டாளத்துக்கும் இதே சங்கடம் நேர்ந்தது. மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் போட்டு வைப்பார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் பித்தளை வெடித்திருக்கும். 'ஸீஸன் கிராக்கிங்' என்று பெயர் வைத்தார்களே தவிர, காரணம் வெகுகாலம் விளங்கவில்லை. 1921-ஆம் வருஷத்தில்தான் மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்ற மூவர் அதைத் தெளிவாக்கினார்கள். தோட்டாப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அதை அச்சில் இழுத்து இழுத்துக் குழலாக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து அந்த விறைத்த பித்தளையைத் தொட்டால், உலோகத்தின் மணிகளுக்கு இடையே புகுந்து பிளக்கிறது. இழுவிசை இல்லாத பித்தளையை அது இப்படிப் பிளப்பதில்லை. ஆகையால் கூடுகளை இளஞ்சூட்டில் காய்ச்சி அந்த விசையைப் போக்குவதே பரிகாரம் என்று கண்டார்கள். ஏகாதிபத்தியத்தின் தோட்டாக்களை அதன் குதிரைகளே பாழாக்கிய இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் பையன்கள் குதூகலிப்பார்கள். நானும் கொஞ்சம் கூடுதலாகவே ரஸித்துச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ரஸிக்க முடியவில்லை. பலமுறை சுட்டு விறைத்த கழுத்து. அதற்குள் இறுக்கிச் செருகிய ரவை. ஹூஸ்டன் புழுக்கமோ நம் சென்னைப் புழுக்கத்துக்கு இளைத்ததல்ல. லாயம் ஒன்றுதான் குறைவு. போய் அந்தப் புட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். மூன்றாவது வரியில் அம்மோனியா இருந்தது.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை கடிதத்தில் பாதி எழுதிவிட்டிருந்தார். தம் துப்பாக்கியின் குற்றத்தைக் கூசாமல் ஒப்புக்கொண்ட மனிதர். நான் புட்டியை மேஜைமேல் வைத்தேன்.

"கம்பெனிக்காரன் நிரபராதி, மாப்பிள்ளை. குதிரை நான்தான்" என்றேன்.

குதிரைக் கதை முழுவதையும் சொல்லி முடிக்கிற வரையில் அவர் பேசவில்லை. பிறகு கடிதத்தைக் கிழித்துப் போட்டார். 11 தோட்டாக்களோடு விடாமல், மீதி 49-இலிருந்தும் ரவையையும் மருந்தையும் பிரித்துவிட வேண்டும் என்றார். அன்று இரவு பதினொரு மணிவரை நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் பிரித்தார். வெறுங்கூடுகளைக் குறட்டால் நசுக்கிப் பழைய பித்தளைக் கூடையில் போடும் வேலையை எனக்கே விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் கொட்டகை அலமாரியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. என் பெண்ணின் கையெழுத்து. கொட்டை எழுத்தில், தமிழில்: "அப்பா, தொடாதே!"